டாக்டர் பார்க்கக் கூடாத கை

கிளினிக்கில் கால் வைத்ததும் "கையை நீட்டுங்க" என்கிறார்கள். தலைவலிக்குப் போனாலும் கைதான், வயிற்று வலிக்குப் போனாலும் கைதான். மனுஷ உடம்பில் வேறு இடமே கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வரும். வாயைத் திறந்து கேட்டதில்லை. நீட்டுவேன், அவ்வளவுதான்.

என் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே உள்பக்கமாக, பழைய கோடுகள் இருக்கின்றன. நானே போட்டுக்கொண்டவை. கல்யாணத்துக்கு முந்தி, என் அம்மா இறந்த வருஷம் நடந்தது அது. ஏன் என்று கேட்டால் அப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. சாக வேண்டும் என்று செய்ததில்லை. உள்ளே கிடந்ததைச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அந்த வருஷத்தோடு அது நின்றுவிட்டது. கோடுகள் மட்டும் போகவில்லை.

கல்யாணமாகி முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். துறைமுகத்தில் வேலை அவருக்கு. பேச்சு குறைவு. "இது என்ன?" என்றார். "முந்தி நடந்தது" என்றேன். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார். அத்தோடு சரி. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அம்மா என்றால் என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடை வீட்டு மாடியில் ஒரே அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது சந்துக்கே தெரியும். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மருமகள் இருந்தாள். திடீர் திடீரென்று அழுவாள், சாப்பிட மாட்டாள். "புத்தி சரியில்லை" என்று சொல்லி அவளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கைப்பிள்ளையை இங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவளை அனுப்பச் சொல்லி முதலில் யோசனை சொன்னதே எங்கள் அத்தைதான். "அப்படிப்பட்டவளை வீட்ல வச்சுக்கிட்டு எவன் ராத்திரி நிம்மதியா தூங்குறது?" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டினேன்.

இந்த லட்சணத்தில் நான் முழுகாமல் இருந்தேன். ஐம்பதுகளின் நடுவில் அது. தாய்சேய் கிளினிக்குக்கு மாசம் ஒரு தடவை போக வேண்டும். அத்தை கூடவே வருவார்.

வீட்டில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமாளித்துவந்தேன். கிளினிக்கில் கையை மறைக்க முதலில் எனக்குத் தோன்றியது நீளக் கை ரவிக்கை. அஞ்சடியில், அதுதான் கடை வாசல் நடைபாதையில், மெஷின் போட்டிருந்த தையல்காரரிடம் மணிக்கட்டுவரை கை வைத்துத் தைக்கச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வெயிலுக்குக் கோட்டா தைக்கச் சொல்ற? லண்டனுக்குக் கிளம்பிட்டியா?"

"கொசு கடிக்குது" என்றேன்.

"கொசுவுக்கு ரவிக்கை தைக்கிற மொத ஆளு நீதான்."

தைத்துக் கொடுத்தார். கை சரிந்து மேலே போய்விடக் கூடாது என்று இறுக்கமாக வைக்கச் சொல்லியிருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல! கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை முழங்கைக்கு மேலே சுருட்ட வேண்டும். அந்த ரவிக்கையின் கை இரண்டு விரல்கூட மேலே ஏறவில்லை. சீன மிஸ்ஸி இழுத்துப் பார்த்தாள், நான் இழுத்துப் பார்த்தேன். அப்போது நர்ஸை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். கடைசியில் அவள் அலுத்துப்போய், மலாயில் "பூக்கா பாஜு" என்றாள். ரவிக்கையையே கழற்று என்கிறாள்!

மறைக்கப் போய் மொத்தமாகக் காட்ட வேண்டியதாகிவிட்டது. வாந்தி வருகிறது என்று ஜாடை காட்டிவிட்டு வெளியே ஓடினேன். ஓடின ஓட்டத்தில் நிஜமாகவே வாந்தியும் வந்தது. திரும்பி வருவதற்குள் என் நம்பர் போய்விட்டது. வழி நெடுக அத்தை திட்டிக்கொண்டே வந்தார். "காலைலேர்ந்து குந்தியிருந்து குந்தியிருந்து இடுப்பு போச்சு. உனக்கு வாந்தி வர நேரம் பாரு!"

அந்த கிளினிக்கில் கையைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. டாக்டர் ஒரு சீனப் பெண். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு விசிறி. நல்ல மனசு. ஆனால் தொண்டை இருக்கிறதே, ரயிலைக்கூட நிறுத்திவிடும். டாக்டர் காதோடு கேட்பதை இவர் வராந்தா வரைக்கும் கேட்பார்.

"பிள்ளை! கடைசியா எப்ப குளிச்சனீர்?"

குளித்தது என்றால் எந்தக் குளியல் என்று பெஞ்சில் உள்ள எல்லாருக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு விரலை மடக்கி எண்ணுவதற்குள், பெஞ்சிலிருந்து யாராவது, "இவளுக்குத் தீபாவளிக்கு முந்தி இருக்கும்" என்று பதில் சொல்லிவிடுவார்கள். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. ஒரு பெண்ணுக்கு மூலம் என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கே சங்கடமாக இருக்கும்.

இந்த அக்கா என் கையைப் பார்த்து, "என்ன பிள்ளை, உது என்ன கோடு?" என்று ஒரு தடவை கேட்டால் போதும். பக்கத்தில் அத்தை. எனக்குக் கப்பல்தான்.

பற்றாததற்கு அந்த மாதிரி செய்வது போலீஸ் கேசு என்று வேறு பேசிக்கொள்வார்கள். டாக்டர் கண்ணில் பட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார்களாம்.

அடுத்த மாசத்துக்குள் வேறு வழி தேட வேண்டும். யோசித்து யோசித்து வளையலில் வந்து நின்றேன். வளைகாப்பு போட்டால் இரண்டு கையும் நிறைய கண்ணாடி வளையல் இருக்கும். பிள்ளை பெறுகிறவரை கழற்றக் கூடாது. யாரும் ஏன் என்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கம் ஏழாம் மாசம்தான் போடுவார்கள். எனக்கு ஐந்துதான் நடந்தது.

வெட்கத்தை விட்டு அத்தையிடம் கேட்டேன். "அத்தை, எனக்கு அஞ்சாம் மாசமே வளையல் போட ஆசையா இருக்கு."

அத்தை கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நான் வாய் திறந்து கேட்ட முதல் சாமான் அதுதான். "அட, இவளுக்கும் ஆசை வருது பாரு!" என்றார். எனக்குத் தாய் இல்லாததால் தானே எல்லாம் செய்வதாகச் சொன்னார். அஞ்சும் ஒற்றைப்படைதானே, தப்பில்லை என்று சந்தில் நாலு பேரிடம் அவரே நியாயம் பேசினார். வளையல்கார அம்மாவை வரவழைத்தார். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் ஆக்கினார். முதலில் வேப்பிலைக் காப்பு, அப்புறம் பச்சை, சிவப்பு, மஞ்சள். நான் இடது கைக்கு இன்னும் போடுங்க, இன்னும் போடுங்க என்றேன்.

"என்னடி இது, வளையல் கடையையே மாட்டிக்கிட்டுப் போறியா?" என்று சந்துப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தைக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இந்தப் பொம்பளை இவ்வளவு ஆசையாகச் செய்கிறாரே, எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறாரே என்று இருந்தது.

இந்தத் தடவை குட்டைக் கை ரவிக்கை போட்டுக்கொண்டு கிளினிக்குக்குத் தைரியமாகப் போனேன். மேல்கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள் மிஸ்ஸி. ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று எழுந்திருக்கப் போனேன். அவள் என் விரலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வளையலைக் கழற்று என்று ஜாடை காட்டினாள்.

நான் வாயைத் திறக்குமுன் அத்தை எழுந்துவிட்டார்.

"கழட்டக் கூடாது! வளைகாப்பு வளையல் அது! சொல்லுங்க அந்தப் பொண்ணுகிட்ட."

யாழ்ப்பாணத்து அக்கா மிஸ்ஸியிடம் சொன்னார். மிஸ்ஸி ஏதோ படபடவென்று பேசினாள். அக்கா இந்தப் பக்கம் திரும்பி, "வீக்கம் பாக்க வேணுமாம். ஒரு நிமிஷம்தானாம். கழட்டிப்போட்டுத் திருப்பிப் போடலாம் எண்டுறா" என்றார்.

"திருப்பிப் போடறதுக்கு இது என்ன செருப்பா? கழட்டினா பிள்ளைக்கு ஆகாது. அவளுக்குப் பிள்ளை இருக்கா கேளுங்க!"

"உதையெல்லாம் நான் எப்பிடிக் கேக்கிறது? அவ கலியாணமே முடிக்கேல்ல."

"அதான் தெரியல அவளுக்கு!"

பெஞ்சு முழுக்க அத்தை பக்கம் சேர்ந்துகொண்டது. கழற்றக் கூடாது, கழற்றக் கூடாது என்று ஆளாளுக்குச் சத்தம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யார் பார்த்துவிடக் கூடாது என்று நான் பயந்தேனோ அவரே என் கைக்குக் காவல் நிற்கிறார்.

சத்தம் கேட்டு டாக்டர் எழுந்து வந்தார். என் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கழற்றச் சொல்லவில்லை. என் இடது கையைப் பிடித்து, வளையல்களை மெதுவாக மேலே தள்ளினார். கண்ணாடி வளையல் கூட்டமாக முழங்கைப் பக்கம் ஏறிப்போனது. வளையல் இருந்த இடத்தில் கோடுகள்.

அத்தை அப்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்காவிடம் வாதாடிக்கொண்டிருந்தார். டாக்டர் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மணிக்கட்டை ஒரு தடவை விரலால் அமுக்கிப் பார்த்தார். அப்புறம் வளையல்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டார்.

மேசைக்குப் போய் என் அட்டையில் எழுதினார். மற்றவர்களுக்கு ஒரு வரி எழுதுவார். எனக்கு நாலு வரி எழுதினார்.

அந்த அட்டை என் கையிலேயே வந்து சேர்ந்தது. மாசாமாசம் நாமே கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். எனக்குத் தமிழ் எழுத்து தெரியும், ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. என் உயிரே அந்த அட்டையில் இருக்கிறது, எனக்கே படிக்கத் தெரியவில்லை. எதிரி எழுதின கடிதத்தை நானே தபால்காரியாகத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

அத்தை வேறு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு வரி எழுதியிருக்காங்களே! ஆம்பளப் பிள்ளைன்னு எழுதியிருப்பாங்களோ? சாயந்தரம் மேல் வீட்டுக் கிராணி ஆபீஸ் விட்டு வரட்டும், படிக்கச் சொல்லுவோம்."

சாயந்தரத்துக்குள் நான் தெரிந்துகொள்ள வேண்டும். கொத்தமல்லி வாங்கி வருகிறேன் என்று அட்டையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு பெரியவர் அஞ்சடியில் டைப்ரைட்டர் வைத்து மனு எழுதிக் கொடுப்பார். அவரிடம் நீட்டினேன். அவர் முதலில் இங்கிலீஷில் படித்தார். சத்தமாகத்தான் படித்தார். அந்த ஊரில் மெதுவாகப் பேசத் தெரிந்த ஒரு மனிதர்கூட எனக்கு வாய்க்கவில்லை.

"மெதுவாங்க ஐயா."

"ஏம்மா, நீ பிள்ளை பெறப்போறது ரகசியமா? வயிறுதான் சொல்லுதே." பிறகு தமிழில் சொன்னார். "ரத்த அழுத்தம் சரி. வீக்கம் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை. அடுத்த தடவை இவரைத் தனியாகப் பார்க்க வேண்டும், கூட வருபவர் வெளியே இருக்கட்டும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"கையைப் பத்தி?"

"கையைப் பத்தி என்ன? வீக்கம் இல்லைன்னு போட்டிருக்கே. அதுக்கு மேல கதையா எழுதுவாங்க?"

கொத்தமல்லி வாங்க மறந்துபோய் வீட்டுக்கு வந்தேன். அதற்கு ஒரு திட்டு வாங்கினேன். சாயந்தரம் கிராணி, ஏதோ ஆபீஸில் குமாஸ்தா அவர், படித்துச் சொன்னார். கடைசி வரியைக் கேட்டதும் அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது.

"தனியாவா? நான் வெளியிலயா? நான் என்ன மருமகளைக் கடிச்சாத் தின்னுடுவேன்?" கொஞ்சம் யோசித்தார். "தெரிஞ்சுபோச்சு. வளையலுக்குச் சண்டை போட்டேன்ல, அதுக்குப் பழி வாங்குறா. பண்ணட்டும்!"

நான் அட்டையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஆனால் தனியாக என்றால் தனியாகவா? அக்கா உள்ளே இருப்பாரே. டாக்டர் கேட்பதை அக்கா கேட்க வேண்டும், நான் சொல்வதை அக்கா சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தெரிந்தால் வராந்தாவுக்குத் தெரியும். ஒரு மாசம் முழுக்க இதே நினைப்பு. பாத்திரம் தேய்க்கும்போதுகூட அக்காவின் குரல் காதில் கேட்கும்.

அந்த நாளும் வந்தது. அத்தை விறைப்பாகப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா விசிறியோடு பின்னாலேயே வந்து நின்றார். டாக்டர் என் இடது கையைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார். அக்கா மூச்சை இழுத்தார், பேசுவதற்கு.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அக்கா வேண்டாம்" என்றேன். டாக்டரைப் பார்த்து, மலாயில், "சாயா ச்சாக்காப் சென்டிரி" என்றேன். நானே பேசிக்கொள்கிறேன் என்று அர்த்தம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"என்ன பிள்ளை, நான் உமக்கு வேண்டாமோ?" என்றார் அக்கா. டாக்டர் அவரை வெளியே போகச் சொன்னார். போகும்போது கதவை அவர் சாத்தின சத்தத்தில் எனக்கு மனசு வலித்தது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

எனக்குத் தெரிந்த மலாய் சந்தை மலாய். கறிகாய்க்காரனிடம் பேசிப் பழகினது. அழுகல், விலையைக் குறை, நாளைக்கு வா, இதற்கெல்லாம் வார்த்தை இருந்தது. மனசுக்குள் நடப்பதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. நல்லவேளையாக டாக்டருக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

அவர் கையைத் தொட்டு, "லாமா?" என்றார். பழசா?

"லாமா."

"செக்காராங்?" இப்போது?

"தடா. சூடா ஹாபிஸ்." இல்லை, முடிந்துபோய்விட்டது என்றேன். அழுகின முருங்கைக்காயை எடுத்து வைத்துவிட்டு, தீர்ந்துபோச்சு என்று கடைக்காரன் சொல்கிற அதே வார்த்தைதான்.

யாருக்குத் தெரியும் என்று கேட்டார். புருஷனுக்குத் தெரியும், அவர் அம்மாவுக்குத் தெரியாது என்றேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் அத்தையின் இருமல் கேட்டது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மாத்தா-மாத்தா?" போலீஸைத்தான் மலாயில் அப்படிச் சொல்வோம்.

"தடா, தடா" என்று தலையை ஆட்டினார். மறுபடியும் அந்த மாதிரி மனசு வந்தால், சீட்டு இல்லாவிட்டாலும் நம்பர் இல்லாவிட்டாலும், இங்கே நேரே வா என்றார். நம்பர் கேட்காமல் உள்ளே விடச் சொல்லி அட்டையில் ஒரு வரி எழுதிக் காட்டினார். பிறகு என் வலது கையைத் தட்டி, இனிமேல் இந்தக் கையைத்தான் பார்ப்பார்கள் என்றார். மூன்று மாசமாக நான் பட்ட பாட்டுக்கு இவ்வளவுதான் வைத்தியம்! இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

வெளியே வந்தேன். அத்தையும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் கோபம். போன மாசம் சண்டை போட்டவர்கள் இப்போது ஒரே கட்சி.

"என்ன கேட்டா?" என்றார் அத்தை.

நான் எதையும் யோசித்து வைக்கவில்லை. "பால்" என்றேன். "பால் குடிக்கச் சொன்னாங்க."

"பால் எண்டு சொல்லவோ இவ்வளவு நேரம்?" என்றார் அக்கா.

"நிறையக் குடிக்கச் சொன்னாங்க" என்றேன். என் வாய்க்கு அன்றைக்கு என்ன வந்ததோ!

அத்தை அன்று சாயந்தரமே மாட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பாலுக்குச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குப் பால் வாடையே ஆகாது. காலையில் ஒரு செம்பு, சாயந்தரம் ஒரு செம்பு. பூண்டைத் தட்டிப்போட்டு, மேலே ஏடு மிதக்க, முன்னால் நின்று குடிக்க வைப்பார். "டாக்டரே சொல்லியாச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஊத்து." மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். ஒரு வேளைகூட விட்டதில்லை, மகராசி.

அடுத்த மாசம் மிஸ்ஸி வலது கையில் பட்டையைக் கட்டினாள். இடது கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் எடை பார்க்கும் மெஷினில் ஏறினதும் அவள் கண் பெரிதாகிவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் அக்காவிடம் கேட்டார், அக்கா எங்களிடம் கேட்டார், வராந்தா முழுக்கக் கேட்கும்படி: "என்ன பிள்ளை சாப்பிடுறீர்? ஏன் இப்பிடி ஏறினீர்?"

"நீங்கதானே பால் குடிக்கச் சொன்னீங்க!" என்றார் அத்தை.

அக்கா அதை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்ன பொய் அவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. எனக்குக் காது எரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பின்னே உள்ளே என்னதான் பேசினீர்கள் என்று அத்தை கேட்பார்.

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் ஏதோ சொன்னார்.

"ஓமாம், தான்தானாம் சொன்னது" என்றார் அக்கா. "இனி ஒரு கிளாஸ் போதுமாம்."

அத்தை வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தார். "ஒரு மாசம் குடின்னு சொல்றா, ஒரு மாசம் குடிக்காதேன்னு சொல்றா. இந்த டாக்டருக்குத் தலையும் தெரியல, வாலும் தெரியல." ஆமாம் அத்தை, ஆமாம் அத்தை என்று சொல்லிக்கொண்டே நான் பின்னால் நடந்தேன்.